முதலில் பார்த்தவள்

ஈரப் பஞ்சை உதட்டில் ஒற்றி எடுப்பதற்குள் யோர்லெனி கேட்டுவிட்டாள்.

"இருபத்தேழாம் பையப் பாத்தியா?"

கண்ணைத் திறக்கவில்லை. காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். தண்ணீர் வேண்டும் என்று கேட்டிருக்கலாம், வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம், அம்மா எங்கே என்று கேட்டிருக்கலாம். பையைக் கேட்டாள்.

"நேத்துப் பாத்தேன். ஒண்ணும் வரல," என்றாள் தெயானிரா.

"ராத்திரி மழ பெஞ்சுதே."

"பெஞ்சா என்ன?"

"மழைக்குத்தான் கூட்ட ஒடச்சுக்கிட்டு வரும். போய்ப் பாரு அக்கா."

"உன்ன விட்டுட்டா?"

"நான் எங்க எந்திரிச்சு ஓடிடப் போறேன்?" யோர்லெனியின் உதட்டோரம் லேசாகக் கோணியது. அது சிரிப்பு என்று தெயானிராவுக்குத் தெரியும். லிபேரியா டவுன் ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மார்பில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்பு வரை போய்விட்டது. எலும்பும் தோலுமாகக் கிடந்தாலும் ஏவுகிற குரல் மட்டும் இளைக்கவில்லை.

அம்மா எஸ்தோலியா காப்பிக் கோப்பையோடு வாசல்படியில் நின்றாள். "போய்ட்டுத்தான் வாயேன்டி. அவ உசுரே அந்தப் பையிலதான் கெடக்கு."

தெயானிரா பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்தாள். மோட்டார்சைக்கிளை உதைத்துக் கிளப்பும்போது உதை கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

காட்டு ஆராய்ச்சி நிலையத்தில் புழு வளர்ப்பதுதான் அக்கா தங்கை இருவருக்கும் வேலை. காட்டில் இலை தின்னும் புழு எதைக் கண்டாலும் இலையோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் போட வேண்டும். நம்பர் எழுதி, எந்த ஓடை, எந்த மரம், யார் எடுத்தது என்று நோட்டில் பதிந்து, கொட்டகையில் கொடி கட்டித் தொங்கவிட வேண்டும். தினமும் பழைய இலையைக் கொட்டிப் புது இலை வைத்துக்கொண்டே வந்தால், ஒரு நாள் உள்ளே வண்ணத்துப்பூச்சியோ அந்துப்பூச்சியோ சிறகை உலர்த்திக்கொண்டு நிற்கும். அதுவரை அந்தப் புழு இன்னது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் அந்த வேலைக்கு முதலில் போனவள் தெயானிரா. ஆறு மாதப் பயிற்சியில் பதினோரு ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக உட்கார்ந்து படித்தவள். அப்போது யோர்லெனி அதே நிலையத்தின் சமையலறையில் காலைக்கு அரிசியும் பீன்ஸும் கிளறிக்கொண்டிருந்தாள். அவளை அடுப்படியிலிருந்து வெளியே கொண்டுவந்து, கையில் பையைக் கொடுத்து, இலையை எப்படிப் புரட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் தெயானிராதான். மூன்றே மாதத்தில் தங்கை, அக்கா கடந்துபோன செடியில் நின்று புழு எடுத்தாள். "நீ நடக்குறப்பவே பாக்குற. நின்னு பாரு அக்கா," என்று ஒரு நாள் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். தெயானிராவுக்கு அது பதினான்கு வருஷமாகக் காதிலேயே நின்றது.

கொட்டகையில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். புதுப் பூச்சி கிடைத்தால் அவர்களில் ஒருத்தர் பேரை அதற்கு வைப்பது உண்டு. மூன்றாவது ஆள் அதோனாய் பேரில் ஏற்கெனவே ஒரு சின்னக் குளவி உண்டு. மற்ற புழுவுக்குள் முட்டையிட்டு அதைத் தின்றே வளர்கிற சாதி. "எம் பேர வச்சதப் பாத்து எங்க மாமியாருக்குத்தான் ரொம்ப சந்தோசம். பொருத்தம் பாத்து வச்சிருக்காங்கன்னா," என்று அவன் சொல்லிச் சிரிப்பான். இப்போது யோர்லெனி பேரிலும் ஒன்று வரப்போகிறது. மூன்று பேரில் மிச்சம் தெயானிரா ஒருத்திதான். பதினேழு வருஷத்தில் நாற்பதாயிரம் பைக்கு மேல் இலை மாற்றிய கைகள் அவளுடையவை. அந்தக் கைக்குரியவளின் பேரில் ஒரு கொசுகூடக் கிடையாது. இதை அவள் பொறாமை என்று நினைத்ததில்லை. நியாயம் என்றுதான் நினைத்தாள்.

யோர்லெனியின் பூச்சி ஒரு ரம்ப ஈ. பெயரில்தான் ஈ, உறவெல்லாம் குளவியோடு. ஆனால் குளவிக்குரிய ஒட்டிய இடுப்பு கிடையாது, கொட்டவும் தெரியாது. பெண்ணின் வயிற்று நுனியில் மடக்குக்கத்தி போல ஒரு ரம்பம் ஒளிந்திருக்கும். அதால் இலையைக் கீறி, கீறலுக்குள் முட்டையைச் செருகும். அதன் புழு பார்ப்பதற்கு அப்படியே வண்ணத்துப்பூச்சிப் புழுதான். வயிற்றுக் கால்களை எண்ணினால்தான் குட்டு வெளிப்படும். ஐந்து ஜோடிக்கு மேல் இருந்தால் அது பொய்ப்புழு.

தலைநகரிலிருந்து வந்த பூச்சி ஆராய்ச்சியாளர் டாக்டர் மிரேயா எச்சாந்தி அந்தப் பெண் பூச்சியின் ரம்பத்தைத் தனியே பிரித்தெடுத்துக் கண்ணாடித் துண்டில் பதித்தார். ஒவ்வொரு பல்லாக எண்ணினார். ஐந்து நாட்டு மியூசியங்களில் குத்திவைத்திருக்கிற உறவுப் பூச்சிகளையெல்லாம் வரவழைத்து ஒப்பிட்டார். ஒன்றரை வருஷம் கழித்து, இது எதுவும் இல்லை, இது புதுசு என்று முடிவுகட்டினார். இரண்டு வாரத்துக்கு முன் போன் போட்டு, லத்தீன் வழக்கப்படி வைத்த பேரைச் சொன்னார். யோர்லெனியே.

"எம் பேருக்குப் பின்னாடி ஒரு வால ஒட்ட வச்சிருக்காங்க அக்கா," என்று படுக்கையிலிருந்து யோர்லெனி சொன்னாள். "பூச்சிக்கு ரம்பம், எனக்கு வாலு."

பெண் பூச்சி ஏழு கிடைத்திருந்தது. ஆண் ஒன்றுகூட இல்லை. ஆண் கிடைக்காவிட்டால் கட்டுரையில் 'ஆண்: தெரியவில்லை' என்று போட்டு அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது, கல்யாணமே செய்துகொள்ளாத யோர்லெனி, "பேரும் என்னுது, கதையும் என்னுதா?" என்று கேட்டாள். டாக்டர் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். தெயானிரா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தன்னோடு பேசும்போது அந்த அம்மாள் ஒரு நாளும் இப்படிச் சிரித்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

இருபத்தேழாம் பையில் இருந்தவை ஆண் வரும் என்று நம்பி யோர்லெனி கடைசியாகக் காட்டுக்குப் போய் எடுத்துவந்த புழுக்கள். கோடை முழுக்கக் கூட்டுக்குள் கிடந்தன.

கொட்டகைக்குள் நுழைந்ததும் தெயானிரா நேரே அந்தப் பையிடம் போனாள். பைக்குள், மேல் மூலையில், ஒரு பூச்சி நின்றுகொண்டிருந்தது. கறுத்த தலை, செங்கல் நிற முதுகு, புகை பிடித்தது போன்ற சிறகு. பெண்ணை விடச் சிறியது. உணர்கொம்பு இரண்டும் அடியிலிருந்தே கவைக்கோல் மாதிரிப் பிளந்து நாலாகத் தெரிந்தன. பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. ஆண்தான்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றேகால். பைக்குள் சிறு குப்பியை விட்டுப் பூச்சியை நடக்கவிட்டு, மூடியைத் திருகி, ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு நாற்பது நிமிஷம். போன் செய்வதென்றால் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டுக்கு ஏறினால் சிக்னல் கிடைக்கும். மூன்று நிமிஷ ஏற்றம். அம்மா போனை அவள் காதில் வைத்தால் போதும், யோர்லெனி கேட்டுவிடுவாள்.

தெயானிரா மேட்டைப் பார்த்தாள். பிறகு தன்னுடைய பைகள் தொங்கும் கொடியைப் பார்த்தாள். தொண்ணூற்றாறு பைகள். பன்னிரண்டு நாளாகத் தங்கைக்குப் பணிவிடை செய்ததில் அரைகுறையாக இலை மாற்றியவை. இலை வாடிக் கிடந்தது. என்னுடையதும் புழுதானே என்று நினைத்தாள். முதல் பையைக் கழற்றினாள்.

அதோனாய் இலைக்கட்டோடு உள்ளே வந்தான். "யோர்லெனி எப்படி இருக்கா?"

"இருக்கா."

"அவ பையில ஏதாச்சும் வந்துச்சா?"

"ஒரு அவசரமும் இல்ல. அதெல்லாம் வர்றப்ப வரும்," என்றாள் தெயானிரா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

தொண்ணூற்றாறையும் மாற்றினாள். ஒன்றையும் விடவில்லை. இவ்வளவு சுத்தமாக அவள் வேலை பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அவளும் காத்திருக்கட்டுமே, பதினேழு வருஷமாக நான்தானே காத்திருக்கிறேன் என்று கையோடு கையாக மனமும் ஓடியது. முடித்துக் கைகழுவும்போது மணி ஒன்றரை.

வீட்டு முற்றத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி வந்து அவள் கையைப் பிடித்தாள். உள்ளே அம்மா, மகளின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான்டி. ஒண்ணரை இருக்கும்," என்றாள் அம்மா. "அக்கா வந்துட்டாளா, அக்கா வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அவ்வளவு பிரியம் உம்மேல."

தெயானிரா கட்டிலருகே நின்றாள். பிரியம் இல்லை அம்மா, பூச்சிக்காகக் கேட்டாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சாகும்போதும் அவளுக்கு நான் வேண்டியிருக்கவில்லை, நான் கொண்டுவரும் சேதிதான் வேண்டியிருந்தது. அப்படித்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இனி ஆள் இல்லை. ஏப்ரன் பையில் குப்பி தொடையில் உரசியது. உள்ளே அது இன்னும் நடந்துகொண்டிருந்தது.

அன்று சாயந்திரம் ஊர் வந்தது. ஜெபமாலை சொல்லும் அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து ஆரம்பிக்க, மற்றவர்கள் பின்பாட்டாகச் சொன்னார்கள். கோழி போட்ட சோளக் குருணைச் சோறும் காப்பியும் சுற்றி வந்தன. வந்தவர்களெல்லாம் தெயானிராவைக் கட்டிக்கொண்டு ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். உன் தங்கை பேரில் பூச்சி வரப்போகுதாமே. செத்தும் பேர் நிக்கும். தெயானிரா தலையாட்டினாள். காப்பி ஊற்றினாள். குப்பியைப் பற்றி ஒருவரிடமும் பேசவில்லை. விடியும்போது பார்த்தாள். பூச்சி கால்களை மடக்கிக்கொண்டு அடியில் கிடந்தது.

காலை ஏழரைக்கு டாக்டர் மிரேயாவின் கார் வந்து நின்றது. விடியுமுன்பே கிளம்பியிருக்க வேண்டும். கண் சிவந்திருந்தது. சவப்பெட்டியருகே நின்று யோர்லெனியின் நெற்றியைத் தொட்டார். அப்புறம் தெயானிராவைத் தேடிக்கொண்டு கொல்லைப்புறம் அடுப்படிக்கே வந்தார். கையில் ஒரு காகித உறை.

"அவகிட்ட குடுக்கலாம்னுதான் அச்செடுத்து வச்சிருந்தேன். அடுத்த வாரம் வரலாம்னு இருந்தேன் தெயானிரா. ஒரு வாரம்."

"உக்காருங்க டாக்டரம்மா."

டாக்டர் கீழே முக்காலியில் உட்கார்ந்து கட்டுரைத் தாள்களை எடுத்தார். ரம்பத்தின் படம் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. பல்லுக்குப் பல் நம்பர் போட்டு. "இது இங்கிலீஷ்ல இருக்கு. ஒரு எடத்த மட்டும் நான் உங்களுக்குச் சொல்றேன். அவ இத கட்டாயம் போடணும்னு நின்னா. இது இல்லன்னா எம் பேரே வேண்டாம்னு சொல்லிட்டா."

"எத?"

டாக்டர் விரலை வைத்து வாசித்தார். "'இந்த இனத்தின் புழுக்களை முதன்முதலில் பார்த்து எடுத்தவர் தெயானிரா கனாலெஸ். எட்டு வருடங்களுக்கு முன், டாந்தா ஓடை, குவாபா மரம்.' நோட்டு நம்பரோட போட்டிருக்கோம்."

அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. தெயானிரா அதை இறக்கி வைக்கவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன் டாந்தா ஓடையோரம் அவள்தான் அந்தப் புழுக்களைப் பார்த்தாள். ஒரே இலையில் வரிசையாக, தொட்டதும் எல்லாம் ஒன்றாக வாலைத் தூக்கின. எடுத்துவந்து கால்களை எண்ணாமலே அந்துப்பூச்சி என்று பதிந்தாள். பையிலேயே செத்தன. குப்பையில் கொட்டினாள். ஒரு நாள் சாப்பாட்டின்போது வால் தூக்கும் புழு என்று வாய்தவறிச் சொன்னதும் யோர்லெனி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். 'எங்க, அக்கா? எந்த ஓடை?' அந்த ஆவலைப் பார்த்ததும் தெயானிராவின் வாயில் வேறு பெயர் வந்தது. செத்தமாட்டு ஓடை என்றாள். அது மலைக்கு அந்தப் பக்கம். யோர்லெனி இரண்டு மழைக்காலம் அங்கே தேடினாள். முழங்கால்வரை சேறும் அட்டைக்கடியுமாகத் திரும்பி வருவாள். தெயானிரா அவளுக்குச் சோறு போடுவாள்.

"அவ... இந்த எடத்த எப்படிக் கண்டுபிடிச்சான்னு சொன்னாளா உங்ககிட்ட?"

"நீங்க சொல்லித்தான் போனேன்னு சொன்னா. அக்கா எடம் சொன்னா, நேரா போனேன், மரம் நின்னுதுன்னா." டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பழைய நோட்டுலயும் உங்க கையெழுத்துலயே இருந்துது. டாந்தா ஓடைன்னு. அந்தப் பக்கத்த அவதான் படம் எடுத்து அனுப்புனா, மூணு வருசத்துக்கு முன்னாடி."

மூன்று வருஷம். அக்கா இடத்தை மாற்றிச் சொன்னது மூன்று வருஷமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே மேஜையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ்ஸில் தோளில் சாய்ந்து வந்திருக்கிறாள். ஒரு சொல், ஒரு பார்வை, ஒன்றும் கிடையாது. சண்டை போட்டிருந்தால் தெயானிராவுக்கும் சொல்ல எத்தனையோ இருந்தது. பதினான்கு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தாள். அதைக் கேட்காமலே போய்விட்டாள். இதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள்.

அந்த நேரத்திலும் நெஞ்சுக்குள் எரிந்தது பழைய நெருப்புதான் என்பது தெயானிராவுக்கே திகைப்பாக இருந்தது.

அவள் ஏப்ரன் பைக்குள் கைவிட்டுக் குப்பியை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள்.

டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிளந்த உணர்கொம்பைப் பார்த்ததும் அவர் முகம் அப்படியே விரிந்தது. சாவு வீடு என்பதை ஒரு கணம் மறந்துவிட்டார். "ஆண்! தெயானிரா, இது ஆணு! இருபத்தேழுலயா?"

"ஆமா."

"எப்ப வந்துச்சு? தேதி வேணும், நேரம் தெரிஞ்சா ரொம்ப நல்லது." சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் தாளின் ஓரத்தில் எழுதத் தயாரானார்.

"நேத்து. பதினொண்ணேகாலுக்குப் பாத்தேன்."

டாக்டர் எழுதினார். எழுதிக்கொண்டே, "அப்ப அவளுக்குத் தெரியும்," என்றார். "பாத்துட்டுத்தான் போனாளா?"

அந்தச் சமயம் அம்மா காலிக் கோப்பைகளை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குள் வந்தாள்.

"எத்தன மணிக்கு எஸ்தோலியாம்மா?" டாக்டர் அம்மாவிடம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "யோர்லெனி?"

"ஒண்ணரைக்கும்மா," என்றாள் அம்மா. "பாவம் இவ வர்றதுக்குள்ள போயிட்டா."

பேனா தாளின் மேலேயே நின்றது. டாக்டர் தான் எழுதியிருந்த நேரத்தைப் பார்த்தார். தெயானிராவைப் பார்க்கவில்லை. பேனாவை மூடினார். குப்பியைக் கைக்குட்டையில் சுற்றி, கைப்பையில் வைத்து, ஜிப்பை இழுத்தார்.

"தண்ணி சுண்டுதுடி," என்றாள் அம்மா. தெயானிரா பாத்திரத்தை இறக்கினாள்.

பத்து மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். அதோனாய் முன்பக்கம் தோள் கொடுத்தான். கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். டாக்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். தெயானிரா கடைசியாக வந்தாள். அவள் கையில் பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த பிளாஸ்டிக் பை. அது நிறையத் தோட்டத்துப் பூக்கள்.

கல்லறைத் தோட்டத்து வேலியோரம் ஒரு நான்சே மரம், ஆள் உயரக் கிளையோடு நின்றது. ஒரு இலை ஓரத்திலிருந்து அரையாகத் தின்னப்பட்டிருந்தது. வெட்டு புதுசு, ஈரம் காயவில்லை. தெயானிரா நின்றாள். இலையைப் புரட்டினாள். அடியில் ஒன்பது புழுக்கள், மாவு தூவியது போல வெள்ளையாக, தலையோடு தலை ஒட்டிக் கிடந்தன. அவள் இதுவரை பார்க்காத புழு. குனிந்து வயிற்றுக் கால்களை எண்ணினாள். ஐந்து ஜோடிக்கு மேல் இருந்தன. எண்ணி முடித்ததும் தலையை நிமிர்த்தி முன்னால் போகிறவர்களைப் பார்த்தாள். யோர்லெனியைக் கூப்பிட வாய் பாதி திறந்திருந்தது.

அதோனாய் தோளிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். ஜெபமாலை அம்மாளின் குரல் எழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தெயானிரா பையிலிருந்த பூக்களையெல்லாம் ஒரு கையால் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கிளையை ஒடித்து, இலையோடு காலிப் பைக்குள் இறக்கினாள். காற்று இல்லாவிட்டால் பை ஒட்டிக்கொண்டு புழு நசுங்கும். பையின் வாயை உதட்டருகே கொண்டுபோய் ஒரு மூச்சு ஊதினாள். பை உப்பியதும் முடிச்சுப் போட்டாள்.

பிறகு குழியருகே போய் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். பூவைப் போட எல்லோரும் அவளுக்கு வழிவிட்டார்கள். போட்டாள். மண்வெட்டிகள் வேலையைத் தொடங்கின. அவள் இடது கையில் தொங்கிய பையின் உள்பக்கம் அவளுடைய மூச்சு பனியாகப் படிந்து, புழுக்கள் வெளியே தெரியவில்லை.